ஃபைல் மேனேஜர் (ஃபைல், ஃபோல்டரப் பாக்க, காப்பி பண்ண, பேர் மாத்துற மென்பொருள்) மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க (என்னோடது: டோட்டல் கமாண்டர்)

மதுரை ஸ்டூடியோ:

கல்யாண போட்டோ வேல பாக்குறேன். ஒரு முகூர்த்தம்னா ரெண்டு கேமரா, நாலஞ்சு கார்டு, எல்லாத்தையும் ராத்திரியே ஹார்ட் டிஸ்க்ல கொட்டணும். ரெண்டு கேமராவும் ஒரே கம்பெனின்னா ரெண்டும் டிஎஸ்சி_0001 மாதிரி ஒரே பேருதான் வைக்கும், ஒரே ஃபோல்டர்ல போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், அதுபோக 9999 தாண்டினதும் நம்பர் திரும்ப 0001க்கு வந்துடும், அப்புறம் பேர் வரிசைல அடுக்கினா தாலி கட்டுறது முன்னாடியும் மாப்பிள்ளை அழைப்பு பின்னாடியும் நிக்கும்.

இதுக்காகத்தான் சிஸ்டம்கூட வர்றத விட்டுட்டு வேற தேடினேன். நாலு ஃபோல்டர ஒரே நேரத்துல காட்டுற க்யூ-டிர், அழகா இருக்குற ஃபைல்ஸ் ஆப், ஃப்ரீகமாண்டர்னு போட்டுப் பாத்து கடைசில டோட்டல் கமாண்டர்ல நின்னேன். சுவிட்சர்லாந்துக்காரர் கிறிஸ்டியான் கிஸ்லர் 1993லேர்ந்து எழுதிட்டு வர்றது, அப்போ பேரு விண்டோஸ் கமாண்டர். பாக்க ரொம்பப் பழசா தெரியும், அத வச்சு ஒதுக்கிடாதீங்க.

எனக்கு அதுல உசுரு கண்ட்ரோல்+எம், அதாவது மல்டி ரீநேம், நிறைய ஃபைலுக்கு ஒரே தடவைல பேர் மாத்துறது. ஒவ்வொரு கேமரா ஃபைலுக்கும் முதல்ல ஏ_, பி_ன்னு முன்னொட்டு போட்டு ஒரே ஃபோல்டருக்குக் கொண்டு வந்து, தேதி வாரியா அடுக்கி, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, கவுண்டர் (வரிசை நம்பர்) போட்டு பேர் மாத்துவேன். திரைல எந்த வரிசைல இருக்கோ அந்த வரிசைலயே நம்பர் விழும். (ரெண்டு கேமரா கடிகாரத்தையும் மண்டபத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஒண்ணா வச்சுடுங்க, இல்லாட்டி எந்த மென்பொருளும் காப்பாத்தாது.) பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே பழைய பேரும் புதுப் பேரும் பக்கத்துல பக்கத்துல தெரியும், பிடிக்கலேன்னா அண்டூ இருக்கு.

அடுத்தது சிங்க்ரனைஸ் டைரக்டரீஸ், ரெண்டு ஃபோல்டர ஒப்பிட்டுப் பாக்குறது. பேர் எதையும் மாத்துறதுக்கு முன்னாடியே இடது பக்கம் கார்டு, வலது பக்கம் டிஸ்க், உள்ளடக்கத்த வச்சு ஒப்பிடுன்னு டிக் போட்டா ஃபைல் பேரையும் சைஸையும் மட்டும் பாக்காம உள்ள இருக்குற பைட் ஒவ்வொண்ணையும் ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் பிடிக்கும்தான். ஆனா அது முடியாம ஒரு கார்டக்கூட ஃபார்மேட் பண்ண விட மாட்டேன், முகூர்த்தத்த திரும்ப எடுக்க முடியாதுங்க.

இன்னொண்ணு, தமிழ்ல ஃபோல்டர் பேரு வைக்கிறவங்க கவனிங்க. விண்டோஸ்ல பழைய வழக்கப்படி டிரைவ் எழுத்துலேர்ந்து ஃபைல் பேர் முடியுற வரைக்கும் மொத்தப் பாதையும் 260 எழுத்துக்குள்ள இருக்கணும். கோயம்புத்தூர்ங்கிறது நம்ம கண்ணுக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13, ஏன்னா எழுத்தோட ஒட்டுற உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் கணக்கு. நாலு அடுக்கு ஃபோல்டர் தமிழ்ல வச்சாலே சீக்கிரம் எல்லையத் தொட்டுடும், அப்புறம் சில ஃபைல் அழியவும் அழியாது, நகரவும் நகராது. டோட்டல் கமாண்டர் அந்த நீளத்தத் தாண்டியும் வேல செய்யுது. புதுசா எதப் போட்டாலும் முதல்ல ஒரு நீளமான தமிழ்ப் பேர வச்சு காப்பி, அழிக்கிறது ரெண்டையும் சோதிச்சுப் பாருங்க.

பழைய டாஸ் ஆளு:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. நாங்க விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடின ஃபைல் மேனேஜர், நார்ட்டன் கமாண்டர் காலத்து ஆளுங்க, ஜான் சோச்சா எழுதினது, 1986ல வந்தது. நீல திரை, ரெண்டு பக்கம், எஃப்5 காப்பி, எஃப்6 நகர்த்து, எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 அழி. அந்தச் சாவிங்க டோட்டல் கமாண்டர்லயும் அப்படியே இருக்கு, லினக்ஸ் மிட்நைட் கமாண்டர்லயும் இருக்கு, எனக்கு விரல் தானா போகுது. நான் இப்ப வச்சிருக்குறது ஃபார் மேனேஜர், ஃபைல சுருக்குற ரார் எழுதின யூஜின் ரோஷல் ஆரம்பிச்சது. மவுஸ் பிடிச்சா மணிக்கட்டு வலிக்கிற வயசு எனக்கு, கீபோர்டுலயே எல்லாம் முடியுறது பெரிய நிம்மதி.

மிண்ட் யூசர்:

அண்ணே ஒரு விஷயம், டோட்டல் கமாண்டர் ஷேர்வேர், அதாவது முதல்ல சும்மா போட்டுப் பாத்துட்டு அப்புறம் காசு கட்டணும். காசு கட்டலேன்னா திறக்கும்போதெல்லாம் 1, 2, 3ல ஒண்ண அமுக்கச் சொல்லும். தினம் அதுல சோறு சாப்பிடுறவங்க வாங்கிடுறதுதான் நியாயம். வீட்டுக்கு மட்டும்னா டபுள் கமாண்டர் பாருங்க, இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதே ரெண்டு பக்கம், மல்டி ரீநேமும் உண்டு, விண்டோஸ் லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும்.

லினக்ஸ்ல சும்மா ரெண்டு பக்கம் மட்டும் போதும்னா தனியா எதுவுமே போட வேணாம், லினக்ஸ் மிண்ட்ல கூடவே வர்ற நீமோ ஃபைல் மேனேஜர்ல எஃப்3 அமுக்குங்க, கேடிஇ டெஸ்க்டாப்போட டால்ஃபின்லயும் எஃப்3. க்னோம் டெஸ்க்டாப்போட ஃபைல் மேனேஜர் நாட்டிலஸ்ல 2012ல வந்த 3.6 பதிப்புல அந்த ரெண்டாவது பக்கத்த எடுத்துட்டாங்க, மிண்ட்காரங்க அதுக்கு முந்தின பதிப்புலேர்ந்து பிரிச்சுதான் நீமோ பண்ணாங்க. தமிழ்ப் பேருக்கு இங்கயும் ஒரு எல்லை இருக்கு, லினக்ஸ் டிஸ்க்ல ஃபைல அடுக்குற முறையான இஎக்ஸ்டி4ல ஒரு பேரு 255 பைட்தான், தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 85தான் கிடைக்கும். அண்ணன் சொன்ன கோயம்புத்தூரே 39 பைட் தின்னுடும்.

அண்ணே எனக்கு ஒரு டவுட்டு, ஒரே டிரைவ்ல ‘கொடைக்கானல்’னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்துல பக்கத்துல நிக்குது, எப்படி?

மதுரை ஸ்டூடியோ:

ஒண்ணு மேக்லேர்ந்து வந்திருக்கும் தம்பி. ‘கொ’வ ரெண்டு விதமா சேமிக்கலாம், க-வுக்கு அப்புறம் கொம்பும் காலும் சேந்து ஒரே குறியாவும் இருக்கலாம், தனித்தனி ரெண்டு குறியாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், விண்டோஸ் டிஸ்க்ல ஃபைல அடுக்குற என்டிஎஃப்எஸ்க்கு ரெண்டும் வேற வேற பேரு. அதனால தேடும்போதும் ஒண்ணு மாட்டும், இன்னொண்ணு மாட்டாது. மேக் வச்சிருக்குற டிசைனர்கிட்டேர்ந்து ஆல்பம் வரும்போதெல்லாம் எனக்கு இது நடக்கும். அந்தப் பேர்லேர்ந்தே கொ-வ காப்பி பண்ணி மல்டி ரீநேம்ல தேடுற கட்டத்துல போடு, மாத்துற கட்டத்துல உன் கீபோர்டுல கொ அடி. ஆனா ஒரே இடத்துல ரெண்டும் இருக்குறதால மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்குறத எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு நகர்த்திட்டு காலியானத அழிச்சுடு, அப்பவும் ஒரே பேர் ஃபைல் இருந்தா எத வைக்கணும்னு கேக்கும், அவசரத்துல எல்லாத்துக்கும் ஓவர்ரைட்னு குடுத்துடாத.