ஃபண்ட் கணக்கை ஸ்மார்ட் கான்ட்ராக்டில் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலில்) ஓட்டினால் என்.ஏ.வி (ஒரு யூனிட்டின் மதிப்பு) எங்கே நுழைய வேண்டும்?

யூனிட்கணக்கு:
பிரைவேட் கிரெடிட் ஃபண்ட் (நிறுவனங்களுக்கு நேரடியாகக் கடன் தருவது), முதலீட்டாளர்கள் 60 பேர். உள்ளே வர, வெளியே போக மாதம் ஒருமுறைதான். பணம் யுஎஸ்டிசி-யில் (டாலருக்கு இணையான டோக்கன்). இப்போது எல்லாம் எக்செலில் ஓடுகிறது. இ.ஆர்.சி-4626 வால்ட் (பணம் வாங்கி யூனிட் டோக்கன் தரும் தரநிலைக் கான்ட்ராக்ட்) ஒன்றை வைத்து யூனிட் ஒதுக்கீடு, ரிடம்ப்ஷன் (யூனிட்டைத் தந்து பணம் பெறுவது), கட்டணம் மூன்றையும் தானியங்கியாக்கலாமா? மேனேஜ்மென்ட் ஃபீஸ் 1.5%, லாபத்தில் 20%, ஹை வாட்டர் மார்க் (முன்பு எட்டிய உச்ச விலையைத் தாண்டினால்தான் லாபக் கட்டணம்) உண்டு.

சங்கிலிப்பேரேடு:
4626 அப்படியே வேண்டாம். பணம் போட்ட அதே பரிவர்த்தனையில், அப்போதிருக்கும் விலைக்கு யூனிட் தந்துவிடும். உங்கள் என்.ஏ.வி மாதம் முடிந்து சில நாள் கழித்துத்தானே வரும்? அதுவரை கான்ட்ராக்டில் கிடப்பது பழைய விலை. ஒரு கடன் வாராக்கடனாகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் அந்த விலைக்கே வெளியேறுவார். நஷ்டம் மிச்சமிருப்பவர்கள் தலையில்.

இ.ஆர்.சி-7540 பாருங்கள். முதலில் கோரிக்கை மட்டும் பதிவாகும், பணம் தனியாக நிற்கும். கட்-ஆஃப் முடிந்ததும் அட்மினிஸ்ட்ரேட்டர் (ஃபண்டின் கணக்கைப் பார்ப்பவர்) என்.ஏ.வி-யில் கையெழுத்திட்டு ஏற்றுவார், மொத்தக் கோரிக்கையும் ஒரே விலைக்குத் தீரும், அவரவர் யூனிட்டை அவரவர் கிளைம் செய்வார்கள். 60 பேருக்கும் லூப் போட்டு அனுப்பாதீர்கள். ஆள் கூடினால் பிளாக்கின் கேஸ் வரம்பில் (ஒரு பிளாக்கில் செய்யக்கூடிய கணக்கீட்டின் உச்சம்) முட்டி நிற்கும்.

யுஎஸ்டிசி-க்கு 6 தசம இடம், யூனிட் டோக்கனுக்கு வழக்கமாக 18. என்.ஏ.வி 104.20 என்றால், யுஎஸ்டிசி-யின் 6 இடக் கணக்கில் அது 104200000 ஆக ஏற வேண்டும். சோதனையில் முதலில் இதைப் பாருங்கள்.

பிளாக்ராக்கின் பியுஐடிஎல் (2024) சுலபமாக ஓடுகிறதே என்று பார்க்காதீர்கள். அது யூனிட்டை 1 டாலரிலேயே நிறுத்த முயலும் ஃபண்ட். வருமானம் புது டோக்கனாக வரும். உங்கள் விலைச் சிக்கல் அங்கே இல்லை.

மூன்றாம்தசமம்:
கட்டணத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் தரும் என்.ஏ.வி-யிலேயே 1.5% கழிந்திருக்கும். கான்ட்ராக்டும் அதற்கெனத் தனியாக யூனிட் மின்ட் செய்தால் (புதிதாக உருவாக்கினால்) இரட்டை வசூல்.

20% இன்னும் சிக்கல். ஒருவர் 100-இல் வந்தார், இன்னொருவர் 90-இல். விலை மறுபடி 100. ஃபண்ட் முழுக்க ஒரே ஹை வாட்டர் மார்க் 100 என்றால், இரண்டாமவர் யூனிட்டுக்கு 10 டாலர் லாபம் பார்த்தும் கட்டணம் சுழி. இ.ஆர்.சி-20 டோக்கனில் (வழக்கமான டோக்கன் தரநிலை) எல்லா யூனிட்டும் ஒன்றுதான், எந்த விலைக்கு வந்தது என்று அதற்குத் தெரியாது. மாதா மாதம் வரும் பணத்துக்குத் தனி சீரிஸ் (தனி விலையும் தனி மார்க்கும் உள்ள யூனிட் வகை) போடுங்கள். ஒரு சீரிஸும் முதல் சீரிஸும் தத்தம் மார்க்கைத் தாண்டியிருந்தால், வருடக் கடைசியில் அதை முதல் சீரிஸோடு சேர்த்துவிடலாம்.

யூனிட்கணக்கு:
புரிகிறது. என்.ஏ.வி தப்பாக ஏறிவிட்டால்?

சங்கிலிப்பேரேடு:
102.40-க்குப் பதில் 104.20 என்று ஏறியதாக வையுங்கள். 1,04,200 டாலர் போட்டவருக்கு 1,000 யூனிட் வந்திருக்கும். வர வேண்டியது 1,017.578. குறைந்ததை மின்ட் செய்து தரலாம். 500 யூனிட் விற்றவரிடம் 52,100 போயிருக்கும், நியாயமாக 51,200. அந்த 900 டாலரைச் சங்கிலியில் திரும்பப் பிடுங்க முடியாது. அதனால் விலை கான்ட்ராக்டில் பதிவான பின் 48 மணி நேரம் கிளைம் பூட்டியே இருக்கட்டும், அதற்குள் ரத்து செய்யும் உரிமை மூன்று சாவியில் இரண்டு சேர்ந்தால் மட்டும். முந்தைய விலையிலிருந்து 5%-க்கு மேல் விலகினால் கான்ட்ராக்டே மறுக்கும்படி வையுங்கள். ஆனால் இந்த உதாரணத்தில் சரியான விலைக்கும் தப்பானதுக்கும் வித்தியாசம் 1.8% கூட இல்லை, அந்த வேலி இதைப் பிடிக்காமல் போகலாம். பூட்டுதான் காப்பாற்றும்.

மூன்றாம்தசமம்:
ஒன்று விட்டுப்போனது: 60 பேரில் யாராவது வாலட் சாவியைத் தொலைப்பார்கள். இ.ஆர்.சி-3643 என்ற டோக்கன் தரநிலையில் அடையாளம் சரிபார்த்துப் புது முகவரிக்கு யூனிட்டை மாற்றும் வசதி உண்டு. சாதா இ.ஆர்.சி-20 எடுத்தால் அந்த யூனிட் அப்படியே உறைந்து கிடக்கும்.