தாதும் நிலக்கரியும் இல்லாத ஏரிமுனையில் எஃகு நகரங்கள் எழுந்தது ஏன்?

கேள்வி | பதிவிட்டவர்: புவிப்பாடம்

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை மாணவர்களுக்குப் பொருளாதாரப் புவியியல் நடத்தி வருகிறேன். தொழிற்சாலைகளின் அமைவிடத்தை விளக்குவதற்கு, இந்தப் பருவத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியின் தென்முனையை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். இண்டியானா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஹேமண்ட், வைட்டிங், ஈஸ்ட் சிகாகோ, கேரி, பர்ன்ஸ் ஹார்பர் என்று கரையோரமாக வரிசையாக அமைந்திருக்கும் கலுமெட் வட்டாரத்தையே குறிப்பிடுகிறேன். நம் பாடநூல்கள் 'பேரேரிகள் தொழிற்பகுதி' என்ற ஒரே பத்தியில் இந்த வட்டாரத்தைக் கடந்துவிடுகின்றன.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. அங்கே இரும்புத்தாதும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஆலைகள் வருவதற்கு முன் அந்த நிலம் மணற்குன்றும் சதுப்புமாகவே கிடந்தது. அப்படியிருக்க, நாட்டின் மிகப் பெரிய எஃகு ஆலைகள் அங்கே ஏன் குவிந்தன? அடுத்தது, அமைவிடம் அவ்வளவு சிறந்தது என்றால், 1960இல் 178,320 பேர் வாழ்ந்த கேரி நகரத்தின் மக்கள்தொகை 2020இல் 69,093 ஆகச் சுருங்கியது எப்படி? அமைவிடத்தின் பயன் தீர்ந்துபோனதே காரணம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். இண்டியானாதான் இன்றும் அமெரிக்காவில் மிகுதியாக எஃகு உற்பத்தி செய்யும் மாநிலம் என்பதால், அந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 | ஏரிவழி

அம்மா, வணக்கம். முதல் ஐயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாதும் நிலக்கரியும் மிகக் குறைந்த செலவில் எந்த இடத்தில் சந்திக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

தாது வடக்கு மினசோட்டாவின் மெசாபி பகுதியிலிருந்து வருகிறது. அங்கிருந்து சுப்பீரியர் ஏரியின் டுலூத், டூ ஹார்பர்ஸ் முதலிய துறைமுகங்களுக்கு ரயிலில் இறங்கி, கப்பலில் ஏறி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீரிலேயே பயணம் செய்து ஆலையின் வாசலில் வந்து இறங்குகிறது. இந்த நெடும்பயணத்தில் ஓரிடத்தில் மட்டுமே தடை உண்டு: சுப்பீரியர் ஏரியின் நீர்மட்டம் கீழே உள்ள ஏரிகளைவிட 6 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருப்பதால், சூ சான் மரீ என்னும் ஊரில், நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பல்களைக் கடத்தும் மதகுகள் வேண்டியிருந்தன. அங்கே 1855இல் கப்பல்களுக்கான முதல் மதகு திறக்கப்பட்டது. அதைக் கடந்துவிட்டால் ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் மாக்கினாக் நீரிணை வழியாக ஒரே மட்டத்தில் இணைந்திருப்பதால், கேரி வரை வேறு மதகே இல்லை. உலையில் தாதோடு இட வேண்டிய சுண்ணாம்புக்கல்லும் மிச்சிகன் மாநிலத்தின் வடகரையிலிருந்து இதே நீர்வழியில் வருகிறது.

நிலக்கரி எதிர்த்திசையிலிருந்து, அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து ரயிலில் வருகிறது. இங்கேதான் ஏரியின் வடிவத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மிச்சிகன் ஏரி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீண்டு கிடப்பதால், கிழக்கிலிருந்து சிகாகோவுக்குச் செல்லும் எந்த ரயில்பாதையும் ஏரியின் தென்முனையைச் சுற்றி வளைந்தே போக வேண்டும். ஆகவே நாட்டின் மிக நெருக்கமான ரயில்பாதைகள் எல்லாம் அந்தக் குறுகிய கரையோரப் பட்டையில் வந்து கூடின. கப்பல் நிற்கும் இடமும் ரயில்கள் கூடும் இடமும் ஒன்றாக அமைந்ததே அந்தத் தென்முனையின் சிறப்பு. விளைந்த எஃகை வாங்கச் சிகாகோ பக்கத்திலேயே இருந்தது. பிற்காலத்தில் டெட்ராய்ட்டின் கார்த் தொழிற்சாலைகளும் சேர்ந்துகொண்டன.

நிலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பனிக்காலப் பனிப்பாளம் பின்வாங்கியபோது ஏரியின் நீர் இன்றைய கரையைவிடத் தெற்கே வெகுதூரம் பரவியிருந்தது. நீர் படிப்படியாக வடிந்தபோது கரைக்கு இணையாக மணல்மேடுகளும் அவற்றுக்கு இடையே சதுப்புகளும் எஞ்சின. நீர் வடியாத அந்த நிலத்தில் வேளாண்மை சரியாக நடக்காததால் விலை மலிவாக இருந்தது. சிகாகோவிலோ நிலத்தின் விலை ஏறிவிட்டிருந்தது. 1889இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் வைட்டிங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. ஓஹியோவின் லைமா வயல்களிலிருந்து வந்த கந்தகம் மிகுந்த, கடும் நாற்றமுடைய எண்ணெயை அங்கே சுத்திகரித்தார்கள். 1901இல் இன்லண்ட் ஸ்டீல் நிறுவனம் ஈஸ்ட் சிகாகோவின் இண்டியானா ஹார்பருக்கு வந்தது. பிறகு யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் ஏறத்தாழ 9,000 ஏக்கரை வாங்கி, மணற்குன்றுகளைச் சமன்செய்து, கிராண்ட் கலுமெட் ஆற்றின் போக்கையே மாற்றி, ஆற்றுக்கு வடக்கே ஆலையையும் தெற்கே நகரத்தையும் 1906இல் நிறுவத் தொடங்கியது. நிறுவனத்தின் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரே ஊருக்கும் இடப்பட்டது.

பாடநூல்கள் விட்டுவிடும் மற்றொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் சூ மதகுகள் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 25 வரை மூடப்படுகின்றன. ஆனால் தாதை உருக்கி இரும்பாக்கும் ஊது உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. எனவே இரண்டு மாதங்களுக்கும் மேலான தேவைக்கு வேண்டிய தாதை ஆலை வளாகத்திலேயே மலைபோல் குவித்து வைத்தாக வேண்டும். அதற்கு இடம் வேண்டும். நகர நெருக்கத்துக்குள் அத்தகைய இடம் கிடைக்காது. மலிவான வெற்றுநிலத்தின் அருமை இந்தக் கணக்கில்தான் முழுமையாகத் தெரியும்.

மறுமொழி 2 | உலைக்களம்

மேலே ஏரிவழி எழுதியிருப்பது சிறப்பான விளக்கம். அதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இன்று தாது ஏற்றிவரும் மிகப் பெரிய கப்பல்கள் ஏறத்தாழ 305 மீட்டர் நீளமுடையவை. சூவில் உள்ள மதகுகளில் போ மதகு ஒன்றில் மட்டுமே அவை நுழைய முடியும். ஏரிகளைக் கடலோடு இணைக்க 1959இல் திறக்கப்பட்ட செயின்ட் லாரன்ஸ் நீர்வழியின் மதகுகளோ அவற்றுக்கு மிகச் சிறியவை. ஆகவே அந்தக் கப்பல்கள் ஒருபோதும் கடலைக் காண்பதில்லை. ஏரிகளுக்குள்ளேயே தாது எடுத்து, ஏரிகளுக்குள்ளேயே இறக்கும் மூடிய போக்குவரத்து அமைப்பு அது. அதன் தென்கோடி நிலையமே இந்த வட்டாரம்.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். மாணவர்கள் இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒன்றாகக் கட்டுகிறார்கள் என்பது என் கருத்து. ஆலை இடத்தை விட்டுப் போகவில்லை. கேரி ஆலையில் ஒரு காலத்தில் 30,000 பேர் வேலை செய்தார்கள். இன்று சில ஆயிரம் பேர் மட்டுமே வேலை செய்கிறார்கள். ஆயினும் ஆண்டுக்கு 70 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட எஃகை உருக்கும் திறன் அந்த ஆலைக்கு இன்றும் இருக்கிறது. திறந்த அடுப்பு உலைகளின் இடத்தில் ஆக்சிஜன் உலைகள் வந்தன. வார்த்து ஆறவைத்து மீண்டும் சூடாக்கி உருட்டும் முறை போய்த் தொடர்வார்ப்பு வந்தது. கட்டுப்பாட்டு அறைகளுக்குக் கணினி வந்தது. ஒரு டன் எஃகுக்குத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை ஒவ்வொரு மாற்றத்திலும் குறைந்தது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் இறக்குமதி எஃகும் பொருளாதார மந்தமும் சேர்ந்து இந்தக் குறைவைத் திடீர் வீழ்ச்சியாக்கின.

ஆனால் வேலை இழப்பை மட்டும் சொன்னால் கேரியின் கதை பாதியில் நின்றுவிடும். தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் ஆலையில் மிகக் கடினமான வேலைகளில் அமர்த்தப்பட்டார்கள். நகரத்தில் அவர்கள் மிட்டவுன் என்ற ஒரு பகுதிக்குள்ளேயே வாழ நேர்ந்தது. 1967இல் ரிச்சர்ட் ஹேச்சர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்கப் பெருநகரங்களின் முதல் கறுப்பின மேயர்களில் அவர் ஒருவர். அதே ஆண்டுகளில் வெள்ளையினக் குடும்பங்கள் தெற்கு நோக்கி விரைவாகக் குடிபெயர்ந்தன. பெருநகரத்தை ஒட்டிப் புதிய ஊராட்சி அமைப்பதைத் தடுத்த மாநில விதி தளர்த்தப்பட்டு, 1971இல் மெரில்வில் தனி ஊராக அமைந்தது. 1974இல் ஹோபார்ட்டில் சவுத்லேக் என்ற பெரிய வணிக வளாகம் திறந்தது. கடைகளும் வங்கிகளும் கேரியின் பிராட்வே தெருவை விட்டு அங்கே சென்றன. நெடுஞ்சாலைகள் வந்துவிட்டதால், ஆலையில் வேலை செய்பவர் ஆலை இருக்கும் ஊரில் வாழ வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

ஆகவே அமைவிடத்தின் பயன் தீரவில்லை. அந்தப் பயன் கேரியில் தங்காமல் வெளியேறியது. உலை எரியும் ஊர் ஒன்று, கூலி செலவாகும் ஊர் வேறொன்று, இலாபம் சேரும் ஊர் மற்றொன்று. கேரி ஆலையின் உரிமை இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும்: 2025 ஜூனில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கிவிட்டது. போக்குவரத்துச் செலவு மிகக் குறையும் இடத்தில் ஆலை அமையும் என்னும் வேபரின் கோட்பாடு, ஆலை எங்கே அமையும் என்பதைச் சொல்லும்; ஆலையால் யார் வாழ்வார் என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மறுமொழி 3 | மணல்வெளி

இரண்டு விளக்கங்களையும் பயனுடன் படித்தேன். எனினும் 'வெற்றுநிலம்' என்ற சொல்லை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த மணற்குன்றுகள் ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹென்றி கௌல்ஸ் அங்கேதான், நீர்விளிம்பிலிருந்து உள்ளே செல்லச் செல்லப் புல், புதர், பைன், ஓக் என்று தாவரக் கூட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்று இடம்பிடிக்கும் முறையை ஆராய்ந்து 1899இல் வெளியிட்டார். உங்கள் மாணவர்கள் படிக்கும் சூழலியல் வழிமுறை வளர்ச்சிக்கு அந்தக் கரை ஒரு மூலச் சான்று.

இதே கரையில் கிழக்கே உள்ள மிச்சிகன் சிட்டியில் ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்து நின்ற ஹூசியர் ஸ்லைட் என்ற குன்றை, கண்ணாடி செய்வதற்காக வண்டி வண்டியாக அள்ளி, 1920க்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1916இலேயே குன்றுகளைத் தேசியப் பூங்காவாக்கும் முயற்சி எழுந்தது; மறு ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் அது நின்றுபோனது. 1960களில் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் பர்ன்ஸ் ஹார்பரில் ஆலை கட்டியபோது, நடுக் குன்றுகளின் மணல் ஏரிவழியே சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனுக்கு அனுப்பப்பட்டு, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வளாகத்தை ஏரிக்குள் விரிவாக்கும் நிரப்புமண்ணாயிற்று. இல்லினாய் செனட்டர் பால் டக்ளசும் உள்ளூர் மக்களும் நெடுங்காலம் போராடியதன் விளைவாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது: துறைமுகமும் உண்டு, பூங்காவும் உண்டு. 1966இல் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்ட பகுதி 2019இல் தேசியப் பூங்கா ஆனது. வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: பர்ன்ஸ் ஹார்பர் ஆலைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் பூங்காவின் துண்டுகளே இருக்கின்றன.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரேரிகள் பகுதியில் சீர்கேடு மிகுந்த இடங்களை மதிப்பிடுவதற்கு 14 வகைப் பாதிப்புகளை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கிராண்ட் கலுமெட் ஆறு அந்த 14 பாதிப்புகளையும் கொண்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் நச்சு வண்டலைத் தூர்வாரிச் சில பகுதிகளை மீட்டிருக்கிறார்கள். நிலத்தின் கதை இன்னும் துயரமானது. ஈஸ்ட் சிகாகோவில் பழைய ஈய ஆலை இருந்த நிலத்தின் மேலேயே 1970களின் தொடக்கத்தில் அரசு குடியிருப்பு ஒன்று கட்டப்பட்டது. மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் மிகுந்திருந்ததால் 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள், வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. எஃகின் உற்பத்திச் செலவைக் கணக்கிடும் எந்த அட்டவணையிலும் அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்த ஈயம் இடம்பெறவில்லை. அமைவிடத்தைப் பற்றிய பாடத்தில் இதைப் பின்னிணைப்பாகத் தள்ளிவிடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 4 | புவிப்பாடம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகளுக்குத் தாதும் வேண்டாம், நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கல்கரியும் வேண்டாம். அவை பெருகினால் ஏரிக்கரையின் பயன் உண்மையிலேயே தீர்ந்துவிடாதா?

மறுமொழி 5 | உலைக்களம்

அந்தப் போட்டி தொடங்கிப் பல ஆண்டுகளாகிவிட்டது, அம்மா. இதே இண்டியானாவில், ஏரியிலிருந்து வெகுதொலைவில் உள்ள கிராஃபர்ட்ஸ்வில்லில், 1989இல் நூகோர் நிறுவனம் மெல்லிய பாளமாக எஃகை வார்த்துத் தகடாக உருட்டும் ஆலையைத் திறந்தது. அதுவரை தகடு எஃகு பெரிய ஊது உலை ஆலைகளின் தனிச்சொத்தாகவே இருந்தது. இன்று அமெரிக்க எஃகில் ஏறத்தாழ 70 விழுக்காடு மின்வில் உலைகளிலிருந்து வருகிறது. அத்தகைய ஆலைக்கு மின்சாரமும், பழைய இரும்பும், சாலை வசதியும் இருந்தால் போதும். துறைமுகம் கட்டாயம் இல்லை.

எனினும் பழைய இரும்பில் செம்பு முதலிய கலப்புகள் இருப்பதால், காரின் வெளித்தகடு போன்ற உயர்தர எஃகுக்குத் தாதிலிருந்து எடுத்த தூய இரும்பு இன்னும் வேண்டியிருக்கிறது. இந்த ஏரிக்கரை ஆலைகள் பெரிதும் அந்தச் சந்தையை நம்பியே நிற்கின்றன. மினசோட்டாவில் சுரங்கங்களை வைத்திருக்கும் கிளீவ்லண்ட் கிளிஃப்ஸ் நிறுவனம் 2020இல் இண்டியானா ஹார்பர், பர்ன்ஸ் ஹார்பர் ஆலைகளை வாங்கியதும் இந்தக் கணக்கில்தான்: தாது உருண்டைகளை விற்றுவந்த நிறுவனம், அவற்றை வாங்கிவந்த உலைகளையே தன்னுடையதாக்கிக்கொண்டது.

வகுப்புக்கு ஒரு வரைபடப் பயிற்சியும் பரிந்துரைக்கிறேன். இண்டியானாவின் பெரும்பகுதி கிழக்கு நேரத்தைக் கடைப்பிடிக்கும்போது, இந்த ஏரிக்கரை மாவட்டங்கள் சிகாகோவைப் பின்பற்றி மத்திய நேரத்தில் இயங்குகின்றன. சிகாகோவுக்கு வேலைக்குச் செல்வோர் பயன்படுத்தும் சவுத் ஷோர் மின்ரயிலுக்குக் கேரிக்கும் மிச்சிகன் சிட்டிக்கும் இடையே இரட்டைப்பாதை அமைக்கும் பணி 2024இல் நிறைவடைந்தது. தாது வரும் நீர்வழி, நிலக்கரி வந்த ரயில்பாதைகள், நேர எல்லை, பயணிகள் ரயில் ஆகிய நான்கையும் ஒரே தாளில் வரையச் சொன்னால், எஃகு ஆலைகளுக்கு வெளியே இந்த வட்டாரம் இப்போது எதை நம்பி வாழ முயல்கிறது என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.