‘வேண்டிய ஆகாரம்’, ‘அனுதின உணவு’: எபியூசியோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு எது சரி?

மார்த்தாண்டம் வாசகர்:
இயேசு கற்பித்த செபத்தில் உணவு கேட்கும் வரி, மத்தேயு 6:11. அதைச் சிஎஸ்ஐ சபையில் வாசிக்கும் பைபிள் ‘வேண்டிய ஆகாரம்’ என்கிறது. கத்தோலிக்கச் செபத்தில் ‘அனுதின உணவு’. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ‘எபியூசியோஸ்’ என்ற ஒரே சொல்தான். ஓய்வுநாள் பள்ளிப் பாடத்துக்கு எதை எடுப்பது? எபி + ஊசியா (இருப்பு) என்று பிரித்து ‘உயிர்வாழத் தேவையான’ என்று எழுதலாமா?

தக்கலை வாசகர்:
சந்தி இடிக்குது அண்ணாச்சி. தமிழில் இகரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகரம் ஏறும், இகரம் தப்பிக்கும். கிரேக்கத்தில் ‘எபி’யின் இகரமே விழுந்துவிடும். எபி + ஊரானோஸ் (வானம்) ‘எபூரானியோஸ்’ ஆகிறது. அப்படியானால் ஊசியாவிலிருந்து ‘எபூசியோஸ்’ அல்லவா வரணும்? ‘எபியெனாய்’ (வந்துசேர்தல்) என்ற வினையின் அடியிலேயே ஓர் இகரம் உண்டு; ‘எபி’யின் இகரம் விழுந்தாலும் அது மிஞ்சும். அதில் பிறந்த ‘எபியூசா’ தனியாக நின்றாலே மறுநாள் என்று பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் 16:11, 20:15, 21:18 பாருங்கள். ஆக, ‘வருகிற நாளுக்கான உணவு’. காலையில் செபித்தால் இன்றைக்கு, ராத்திரி செபித்தால் நாளைக்கு. சாயங்காலம் கூலி வாங்கி மறுநாள் கஞ்சிக்கு அரிசி வாங்குகிற வீட்டில் இதை விளக்கவே வேண்டாம்.

வெறும் ‘அன்றாட’ என்றால் அதற்கு ‘எஃபெமெரோஸ்’ இருக்கிறது, யாக்கோபு 2:15. லூக்கா 11:3-இல் ‘நாள்தோறும்’ தனியாகவே வருகிறது. எபியூசியோஸும் அன்றாடம் என்றால் கூறியது கூறலாகிவிடும்.

குளச்சல் வாசகர்:
சந்தியை மட்டும் நம்பாதீங்க. ‘எபியோர்கோஸ்’ (பொய்யாணை இட்டவன்) இகரத்தை விடவில்லையே. ‘வேண்டிய’ என்பதற்கும் பழைய சாட்சி உண்டு. பெஷித்தா என்ற பழைய சிரியாக் மொழி பைபிளில் ‘எங்கள் தேவையின் அப்பம்’. மலங்கரை சபையின் மலையாளச் செபத்தில் ‘ஆவசியமுள்ள ஆகாரம்’ என்று வருவதும் அதே பொருள்தான். பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோமே தடுமாறியிருக்கிறார்: லத்தீனில் லூக்காவுக்கு ‘அன்றாட’, மத்தேயுவுக்கு ‘பொருண்மை கடந்த’. ஆனால் பைபிளில் சேராத ‘எபிரேயர் நற்செய்தி’ என்ற பழைய நூலில் அந்த இடத்தில் ‘மாகார்’, அதாவது நாளை, என்று இருந்ததாகவும் அவரே எழுதுகிறார். அது தக்கலைக்காரர் பக்கம்.

மார்த்தாண்டம் வாசகர்:
எகிப்திய பாப்பிரஸ் (நாணல் தாள்) கணக்கு ஒன்றில் இந்தச் சொல் ‘தினப்படி’ என்று வருவதாகப் பழைய அகராதியில் இருக்கிறதே?

தக்கலை வாசகர்:
அதை வெட்டிருங்க. 1889-இல் அச்சான செலவுக் கணக்கு அது. மூலம் நெடுநாள் காணாமல் கிடந்து, 1998-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. திரும்பப் படித்தால் அந்த இடத்தில் ‘எலாயூ’, எண்ணெய்! நற்செய்திகளுக்கு வெளியே இந்தச் சொல் புழக்கத்தில் இல்லை என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் எழுதிய இறையியலாளர் ஓரிஜன் சொல்லிவிட்டார். பாடத்தில் ‘வேண்டிய’ அப்படியே நிற்கட்டும், அடிக்குறிப்பில் ‘வருகிற நாளுக்கான’ போடுங்க.