வாடைக் காலத்தில் கேப்பு ஏமாற்றுகிறது: முன்வாய்த் துப்பாக்கிக்கு 209 பிரைமர் மாட்டலாமா?

தொண்டி_வயல்காரன்:
பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் இருக்கிற ஒற்றைக் குழல் துப்பாக்கி. முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். நிப்பிள் என்கிற துளையுள்ள சிறு முனை, அதன்மேல் மாட்டி அடித்தால் பொறி தருகிற 11 நம்பர் கேப்பு, உள்ளே கருமருந்து. வயல் கடலுக்குக் கிட்ட, சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு, பன்றித் தொல்லை.

பங்குனி, சித்திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசியில் வாடை விழுந்ததும் மக்கர். சில நேரம் முதல் அடியில் கேப்பு வெடிக்காது, இரண்டாவது அடியில் வெடிக்கும். சில நேரம் கேப்பு வெடித்தும் மருந்து பிடிக்காது. சில நேரம் கேப்பு வெடித்து, சற்றுப் பொறுத்துத்தான் வேட்டு.

அமெரிக்காவில் புகையில்லா மருந்து போடுகிற முன்வாய் ரைபிள்களில் கேப்புக்குப் பதில் 209 பிரைமர் (ஷாட்கன் தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கிற பாகம்) வைக்கிறார்கள், மழையிலும் தவறுவதில்லை என்கிறார்கள். என் துப்பாக்கியில் நிப்பிளைக் கழற்றிவிட்டு 209 மாட்டலாமா? தோட்டாவில் வருகிற புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் நின்று வெடிக்குமா?

குழலும்_குதிரையும்:
தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். காரணத்தை டல்லாஸில் இருக்கிற கீழக்கரைக் காக்கா (அண்ணன்) வந்து விவரமாகச் சொல்வார்.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோய் இல்லை. இரண்டாவது அடியில் வெடித்தால், முதல் அடி கேப்பைக் கீழே இறக்குவதற்கே செலவாகிவிட்டது. நிப்பிளின் தலை அடிபட்டு அடிபட்டு விரிந்து, கேப்பு முழுதாக உட்காரவில்லை. புது நிப்பிள் போட வேண்டும். கேப்பு விரலால் அழுத்தியதும் அடிவரை இறங்க வேண்டும், துப்பாக்கியைக் கவிழ்த்தால் விழவும் கூடாது. குதிரை, அதாவது கேப்பை அடிக்கிற சுத்தி, நிப்பிளின் நடுவில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்த கேப்பில் பள்ளம் ஓரமாக இருந்தால் குதிரையின் அச்சு ஆடுகிறது. குதிரையின் வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும்.

கேப்பு வெடித்தும் மருந்து பிடிக்காவிட்டால் நெருப்பு போகிற பாதை அடைத்திருக்கிறது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத்தான் மிஞ்சும். அந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். கடற்கரையில், அதுவும் கார்த்திகையில், கழுவாமல் ஒரு ராத்திரி வைத்தால் போதும், நிப்பிள் துளைக்குள் களி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் காரியத்தை இன்னும் கெடுக்கிறார்கள். வெந்நீரும் சோப்பும்தான் அதற்கு மருந்து. நிப்பிளைக் கழற்றித் தனியாகக் கழுவி, குழலைத் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சூட்டோடு காயவிட்டு, பிறகு மெல்லிசாக எண்ணெய். நிப்பிள் மரையில் ஒரு துளி கிரீஸ், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் துரு பிடித்து அடுத்த முறை கழலாது.

மறுபடி கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டும். திணிக்கிற கம்பியை விட்டு, குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு, வாயை ஒரு புல் இதழுக்குப் பக்கத்தில் பிடித்து வெறும் கேப்பு ஒன்று வெடியுங்கள். இதழ் ஆடினால் பாதை திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் 0.7 மில்லிமீட்டர் கம்பியால் துளையைக் குத்திவிட்டு இன்னொன்று. நிப்பிள் துளை அந்த அளவுதான் இருக்கும். அதைவிடத் தடித்த கம்பியை விட்டுப் பெரிசாக்கினால், சுடும்போது வாயு பின்னால் வந்து குதிரையைத் தூக்கும்.

தாமதித்து வெடிப்பது ஈர மருந்தாலும் வரும், பாதி அடைப்பாலும் வரும். மூன்றில் இதுதான் ஆபத்து. வெடிக்கவில்லை என்றால் குறைந்தது ஒரு நிமிஷம் வாயை ஆளில்லாத பக்கமே பிடித்திருங்கள். குனிந்து குழலைப் பார்க்கிற ஆசாமிகள் இன்னமும் இருக்கிறார்கள்.

கீழக்கரை_டல்லாஸ்:
குழல் அண்ணன் சொன்னதே போதும். ஆனாலும் 209 பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

இங்கே அமெரிக்காவில் புகையில்லா மருந்துக்கென்று தொழிற்சாலையிலிருந்து வந்ததில் பேர்போனது சாவேஜ் கம்பெனியின் 10எம்எல்-2 முன்வாய் ரைபிள். போல்ட் ஆக்‌ஷன் (பின்பக்கத்தைத் தாழ்ப்பாள் மாதிரி போல்ட் மூடுகிற) ரைபிளின் உடம்பு, நவீன எஃகுக் குழல், பின்னால் மரை போட்ட அடைப்பான். பிரைமர் வெடிப்பது அந்த அடைப்பானுக்குள். கருமருந்து அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எரியும். புகையில்லா மருந்து அப்படி இல்லை. அழுத்தம் ஏறினால் எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும். இந்த ரைபிள்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டைத் தொடும். உங்கள் நிப்பிள் திறந்த துளை, அதன்மேல் நிற்பது குதிரையின் எடை மட்டுமே. முதலில் பறப்பது நிப்பிளா, குழலின் பின் அடைப்பா என்பதுதான் கேள்வி.

புகையில்லா ரைபிளிலேயே 209-க்குத் தொல்லை உண்டு தம்பி. அது ஷாட்கன் தோட்டாவுக்காகப் பிறந்தது. அழுத்தம் கூடினால் அதன் சுற்றிலும் வாயு கசிந்து போல்ட் முகத்தைக் கரியாக்கும், பிரைமர் குழியையும் அரிக்கும். சுடர் பலமாக இருப்பதால், மருந்து சரியாகப் பற்றுவதற்கு முன்பே குண்டை முன்னால் தள்ளிவிடவும் செய்யும். அதனால்தான் இங்கே தனியாகச் செய்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய ரைபிள் பிரைமருக்குப் போகிறார்கள். அதன் சுடர் 209-ஐவிடச் சிறியது, ஆனால் குழியில் இறுக்கமாக உட்கார்ந்து அழுத்தத்தை அடைத்துக்கொள்ளும். தடித்த மருந்துக்கும் கடுங்குளிருக்கும் அதிலேயே மேக்னம் என்கிற சூடு கூடின ரகம்.

எதை வைத்தாலும் தேய்கிற பாகம் ஒன்று உண்டு. அடைப்பானில் நெருப்பு போகிற துளை, சுமார் 0.75 மில்லிமீட்டர். சுடச்சுட அது அகலும். அகலமானால் பின்னால் வருகிற வாயு கூடும், வேகம் ஒவ்வொரு வேட்டுக்கும் மாறும். அதற்காகத்தான் அந்தத் துளையைத் தனித் திருகாகச் செய்திருக்கிறார்கள். டிரில் பிட்டை விட்டு அளந்து பார்த்து மாற்றிவிடுவார்கள்.

தொண்டி_வயல்காரன்:
சரி காக்கா, புகையில்லா மருந்துப் பேச்சை விட்டுவிட்டேன். கருமருந்தோடு 209 மட்டும் மாட்டினால்?

வைகை_வக்கீல்:
அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5. துப்பாக்கியை மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது இரண்டுக்கும் அதற்கான லைசென்ஸ் உள்ளவர் வேண்டும். லேத்து பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டுவார், செய்தவரும் மாட்டுவார். நிப்பிள் மாற்றுவதைக்கூட லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் ரசீதோடு செய்யுங்கள்.

நிஜமாகவே இந்தத் துப்பாக்கி போதவில்லை என்றால் அதே சட்டத்தில் பிரிவு 13(3) இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு முன்வாய்த் துப்பாக்கி போதாது என்று அதிகாரி திருப்தி அடைந்தால், வேறு வழுக்குழல் (குழலுக்குள் வரி வெட்டாத) துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. 12 போர் தோட்டாத் துப்பாக்கி வாங்கினால் தோட்டா, மருந்து அடைத்தே வரும், கேப்புக் கவலையே இல்லை. நில ஆவணம், பயிர்ச் சேத விவரம் வைத்து மனுப் போடுங்கள்.

இன்னொன்று. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, விலங்கைச் சுடுகிற அனுமதி வேறு. பன்றியோடு மயில் வந்தாலும் அதன்மேல் குறி வைக்காதீர்கள், அது வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விரட்டச் சத்தம் போதும்.

குழலும்_குதிரையும்:
கருமருந்துக்கு 11 நம்பர் கேப்பே தாராளம் தம்பி, அது சீக்கிரம் பற்றுகிற மருந்து. 209 தேவைப்படுவது, பற்றச் சூடு அதிகம் கேட்கிற மாற்று மருந்துகளுக்கு.

கேப்பு டப்பாவைக் கூரையடியில் செருகி வைக்காதீர்கள். ரப்பர் வளையம் உள்ள டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மருந்திலிருந்து தனியாக, பூட்டின பெட்டியில். வயலுக்குப் போகும்போது தேவைக்கு மட்டும் எண்ணி எடுங்கள், மிஞ்சினதைத் திரும்ப அதே டப்பாவில் போடாதீர்கள். ஈரம் தொட்டது வெளியில் தெரியாது. கார்த்திகையில் அந்த மிச்சத்தைப் புல் இதழ்ச் சோதனைக்குச் செலவழியுங்கள். கெட்டித்த துப்பாக்கியை ராத்திரி முழுக்க வைத்திருக்கிற வழக்கமும் வேண்டாம், கேப்பு எவ்வளவு காய்ந்திருந்தாலும் உள்ளே மருந்து வேர்த்துவிடும்.