ஐஸ் மீன் பாக்டீரியாவும் எங்க லேப் வெயிலும்: உதவி வேணும்

வணக்கம். கடலூரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி வருஷம் படிக்கிறேன். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி மீனிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, 4 டிகிரியிலும் ஜம்முனு வளருது. அதோட கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற இரண்டு நொதிகளையும் (என்சைம்) அளப்பதுதான் ப்ராஜெக்ட்.

குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். நன்னீரில் 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6தான். ஆக்சிஜன் கூடினால் செல்லைக் குடையும் சூப்பராக்சைடு, பெராக்சைடு தொல்லையும் கூடும், அதைச் சமாளிக்கத்தான் இந்த நொதிகள். சிக்கல் என்னன்னா, குளிருக்குப் பழகிய நொதிகள் பலவும் சூடு தாங்காது. கேட்டலேஸ் வேகத்தை அளக்க, 240 நானோமீட்டர் ஒளியில் பெராக்சைடு குறைவதைப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வருது. லேபில் ஏசி பேருக்குத்தான். சென்ட்ரிஃப்யூஜும் (ட்யூபை வேகமாச் சுழற்றும் மெஷின்) குளிரூட்டாத சாதா ரகம். ட்யூபை ஐஸில் வைத்துக்கொண்டு ஓடுறதே என் பிழைப்பு!

புதுச்சேரி பக்கம் யாருக்காவது கூலிங் சென்ட்ரிஃப்யூஜும், குவெட்டை (சாம்பிள் ஊற்றும் சின்னக் குப்பி) குளிர்விக்கிற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் (ஒளி உறிஞ்சுவதை அளக்கும் கருவி) உள்ள லேப் தெரியுமா? இரண்டு நாள் போதும், கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை. காலை முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு வந்துடுவேன்.

இன்னொன்று: சோனிகேட்டரில் (ஒலி அதிர்வு தரும் கருவி) செல்லை உடைக்கும்போது சாறு சூடாகாமல் இருக்க, எத்தனை வினாடி ஓட்டி எத்தனை வினாடி இடைவெளி விடுறீங்க? அனுபவப்பட்ட அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க.