புதுப்பிப்பு: பாலக்காட்டை நடந்தே பார்த்துவிட்டோம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போய், பாலக்காடு டவுனை ஒரே நாளில் நடந்து பார்க்க முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முடியும். நேற்று நானும் தோழியும் போய் வந்தோம்.

கோட்டையிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள் பலர். நாங்கள் காலையிலேயே டவுனிலுள்ள பழைய அக்கிரகாரமான கல்பாத்திக்குப் போய்விட்டோம், மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்களே. ஒட்டி ஒட்டி நிற்கும் ஓட்டு வீடுகள், திண்ணை, வாசலில் கோலம். தெருவில் காதில் விழுந்ததெல்லாம் நம் தமிழ்தான், கொஞ்சம் மலையாள இழுவையோடு. ஒரு பாட்டி திண்ணையிலிருந்தே, "எங்கேருந்து வரேள்? வெயிலுக்கு முன்னாடி ஆத்தைப் பாத்துட்டு வாங்கோ" என்றார். விசுவநாதர் கோயிலுக்குப் படியிறங்கித்தான் போக வேண்டும். பக்கத்திலேயே ஆறு. படித்துறையில் உட்கார்ந்ததும் 'காசியில் பாதி கல்பாத்தி' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது புரிந்தது. எழுந்திருக்கவே மனமில்லை.

அப்புறம் கோட்டை. ஒரு திருத்தம்: போன முறை இதைத் திப்பு கட்டியதாக எழுதியிருந்தேன், தவறு. பெயர்தான் திப்பு கோட்டை; 1766இல் கட்டியவர் அவருடைய அப்பா ஹைதர் அலி. சுற்றிலும் அகழி, உள்ளே ஓர் அனுமன் கோயில். மதில் மேல் காற்று அப்படி வீசியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கோயம்புத்தூர் வரைக்கும் போகிற அதே காற்று.

ஜைனமேட்டுச் சமணக் கோயிலுக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. ஐப்பசித் தேருக்குக் கல்பாத்தி போகும்போது அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.