டேஜானுக்குக் குடும்பத்தோடு வருகிறோம், முதல் மாதத்தில் எதை முடிக்க வேண்டும்?

மல்லிப்பூ கேட்டது:

வணக்கம். என் கணவருக்குத் தென் கொரியாவின் டேஜானில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலை கிடைத்திருக்கிறது. அவருக்கு இ-3 (ஆராய்ச்சியாளர்) விசா, எனக்கும் நான்கு வயது மகளுக்கும் எஃப்-3 (உடன் வரும் குடும்பத்தினருக்கானது). ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறோம். யூடியூபில் தேடினால் கஃபேயும் செர்ரிப் பூவும்தான் வருகின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இறங்கியதும் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எது முதலில், எது பிறகு?

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கின்றன. இதனால் அங்கே சிக்கல் வருமா? முதல் ஆறு மாதம் நிறுவனமே குடியிருப்பு தருகிறது, அப்புறம் நாங்களே வீடு பார்க்க வேண்டும். நாங்கள் சைவம். மிக்ஸி, குக்கர் எடுத்து வரலாமா என்றும் சொல்லுங்கள்.

ரசஞ்சாதம் எழுதியது:

வாழ்த்துகள். நானும் எஃப்-3இல் வந்தவள்தான். போஸ்ட்டாக் மனைவிமார் சார்பாகவே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் பதிவு அட்டை, போன் நம்பர், வங்கிக் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அட்டை எப்படியும் வந்துவிடும். மற்ற இரண்டையும் "அவர் பெயரில்தான் இருக்கிறதே, போதாதா" என்று விட்டுவிடுகிற பெண்கள் இங்கே நிறைய. பிறகு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி ஆர்டர் செய்யக்கூட, அவர் லேபிலிருந்து எஸ்எம்எஸ் எண்ணை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். மீட்டிங்கில் இருந்தால் அன்றைக்கு அரிசி இல்லை.

காரணம் என்னவென்றால், கொரியாவில் நீங்கள் யார் என்பதற்குச் சாட்சி சொல்வது போன் கம்பெனி. பெரும்பாலான தளங்களில் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் மூன்றையும் கேட்பார்கள். அது போன் கம்பெனிப் பதிவோடு ஒத்துப்போனால்தான் எஸ்எம்எஸ் வரும். அடுத்தவர் பெயரிலுள்ள சிம்மை நீங்கள் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அந்தக் கணினிக்கு நீங்கள் அவர்தான்.

வரிசை இப்படி. நாட்டுக்குள் வந்து 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஹைகொரியா என்ற குடிவரவுத் துறை இணையதளத்தில் நேரம் முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். நீங்கள் வருவது செமஸ்டர் தொடங்கும் நேரம். மாணவர் கூட்டம் மொத்தமும் அதே வாரங்களில் குவியும். இறங்கிய கையோடு தேதியைப் பிடித்துவிடுங்கள். போய் வந்த பிறகும் அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதுவரை பாஸ்போர்ட்டைக் காட்டி ப்ரீபெய்டு சிம் வாங்கலாம். பேசவும் நெட்டுக்கும் உதவும், ஆனால் அடையாளச் சரிபார்ப்புக்கு உதவாது. அட்டை வந்ததும் போன் கடைக்குப் போய் உங்கள் பதிவு எண்ணில் புது இணைப்பு எடுங்கள். எஸ்கே, கேடி, எல்ஜி என்ற பெரிய போன் கம்பெனிகள் மூன்றும் விலை கூடுதல். அவற்றின் டவரிலேயே ஓடும் மலிவு இணைப்புகளை இங்கே "அல்துல்போன்" என்பார்கள், வீட்டுக்கு அது தாராளம்.

இப்போது உங்கள் பெயர் விஷயம். சர்நேம் காலியாக இருப்பதால் யாரும் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெரிய எழுத்தில் அச்சாகும். சிக்கல் அதற்குப் பிறகுதான். போன் கடைக்காரர் இடைவெளி விடாமல் இரண்டு பெயரையும் ஒட்டி அடிப்பார். வங்கியில் அப்பா பெயரை முன்னால் தூக்கிப் போடுவார்கள், இல்லையென்றால் கட்டத்தில் இடம் போதவில்லை என்று வாலை வெட்டுவார்கள். நான் கணக்குத் திறந்த வங்கியில் கடைசி இரண்டு எழுத்து விழுந்துபோய், அதைத் திருத்த மறுபடி டோக்கன் எடுத்து உட்கார வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே ஆள் என்று எதிரே இருப்பவருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு கவுன்டரிலும் அட்டையை நீட்டி, அதில் உள்ளபடியே, இடைவெளி உட்பட அடிக்கச் சொல்லுங்கள். சேமிப்பதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்கள் தப்பாக நினைப்பதில்லை.

வங்கியில் வேலை இல்லாதவருக்கு வரம்புள்ள கணக்குத்தான் தருவார்கள். 2024 மே முதல் இதில் ஆன்லைனிலும் ஏடிஎம்மிலும் ஒரு நாளைக்கு 10 லட்சம் வோன் வரை அனுப்பலாம். அதற்கு முன் 3 லட்சம்தான். வீட்டுச் செலவுக்கு இது போதும். "எதற்காகக் கணக்கு" என்று கேட்பார்கள். மகளின் பள்ளிக் கட்டணம், மளிகை என்று சொல்லுங்கள், கணவரின் வேலைச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள்.

மருத்துவக் காப்பீடு கணவரின் வேலையிடம் வழியாக வரும். பாதிக் கட்டணம் அவர், பாதி நிறுவனம். 2024 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் அப்பா அம்மா போன்றவர்களைச் சார்ந்தவர்களாகச் சேர்க்க ஆறு மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும். மனைவிக்கும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனால் திருமணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்று) வேண்டும். விசாவுக்குக் கொடுத்ததோடு நிறுத்தாமல் இன்னொரு செட் எடுத்து வாருங்கள். இங்கிருந்து ஊருக்கு ஆள் விட்டு அதை வாங்குவது பெரும்பாடு.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. எஃப்-3இல் அனுமதி வாங்காமல் சம்பள வேலை கூடாது. வீட்டில் ட்யூஷன் எடுத்தால் யாருக்குத் தெரியும் என்பார்கள், கேட்காதீர்கள். சந்தேகம் எதுவானாலும் 1345க்கு அழையுங்கள், குடிவரவு உதவி எண், ஆங்கிலத்திலும் பேசலாம்.

சுவோன்_கட்டபொம்மன் எழுதியது:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் அட்டை வரும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர் நினைத்துவிடக் கூடாது. கன்வீனியன்ஸ் ஸ்டோர் எதிலும் டி-மணி என்ற பயண கார்டு கிடைக்கும், பணம் கொடுத்தே ஏற்றிக்கொள்ளலாம். பஸ், சப்வே, டாக்ஸி எல்லாவற்றிலும் ஓடும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள், அப்போதுதான் அடுத்த வண்டிக்கு மாறும் சலுகை வரும். டேஜானில் சப்வே ஒரே ஒரு லைன்தான், பஸ்தான் கதி. வழி பார்க்க நேவர் மேப் போடுங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது. காகாவ்டாக் என்ற மெசேஜ் ஆப் இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நடக்காது. மகள் சேரும் பள்ளியிலிருந்து வீட்டுக்காரர்வரை எல்லாரும் அதில்தான் செய்தி அனுப்புவார்கள்.

கிளம்பும் முன் ஹங்குல் எழுத்தைப் படித்துவிடுங்கள். அடிப்படை எழுத்து 14 மெய், 10 உயிர், அவ்வளவுதான். 247 எழுத்து எழுதிப் பழகிய நமக்கு இது ஒரு வாரக் கணக்கு. மொழி வேறு கதை. அதற்கு நீதி அமைச்சகம் வெளிநாட்டவருக்கு நடத்தும் கேஐஐபி வகுப்பு இருக்கிறது, பின்னாளில் விசா மாற்றப் போகும்போது அந்த மதிப்பெண் உதவும்.

மாடிவீட்டுக்காரன் எழுதியது:

வீடு பற்றி நான் சொல்கிறேன். "ஜொன்செ" என்றால் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையே இல்லாமல் இருப்பது. "வொல்செ" என்றால் நம் ஊர் மாதிரி அட்வான்ஸும் மாத வாடகையும். இரண்டு வருஷம் இருக்க வருகிறவர் ஜொன்செ பக்கம் போகவே வேண்டாம். முன்பணத்தைத் திருப்பித் தராமல் ஏமாற்றிய மோசடிகள் 2022, 2023இல் நாடு முழுக்கப் பெரிய செய்தி, கொரியர்களே தெருவுக்கு வந்தார்கள். வொல்செயில் அட்வான்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் வாடகையைக் குறைப்பார்கள், பேரம் பேசலாம். ஆனால் அட்வான்ஸ் கூடக்கூட உங்கள் பணம் வீட்டுக்காரர் கையில் என்பதையும் யோசியுங்கள்.

கையெழுத்துக்கு முன் தரகரிடம் வீட்டின் பதிவேட்டு நகல், "துங்கிபு", கேளுங்கள். சொந்தக்காரர் பெயரும் வீட்டின் மேல் எவ்வளவு கடன் என்பதும் அதில் இருக்கும். பணம் அந்தப் பெயருள்ள கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள், அதே கையோடு ஒப்பந்தத்தில் "ஹ்வாக்ஜொங் இல்ஜா" என்ற தேதி முத்திரை வாங்குங்கள். நாளை வீடு ஏலத்துக்குப் போனால் உங்கள் அட்வான்ஸுக்கு வரிசையில் இடம் கிடைப்பது இந்த இரண்டாலும்தான்.

நிர்வாகக் கட்டணம் தனி, அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். கேஸ் பில் பெரும்பாலும் தனி. ஜனவரியில் தரையைச் சூடாக்கும் பாய்லர் பில்லைப் பார்த்தால் தூக்கம் போகும். அதற்காக வெளியூர் போகும்போது பாய்லரை முழுக்க அணைத்துவிட வேண்டாம், குழாய் உறைந்துபோகும். குறைந்த சூட்டில் விட்டுப் போங்கள்.

மல்லிப்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்போஸ்டில் இன்னொரு செட்டுக்கு இன்றே சொல்லிவிட்டேன். சமையலும் குழந்தையும் மட்டும் பாக்கி. மகளை எதில் சேர்ப்பது? ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது?

ரசஞ்சாதம் எழுதியது:

குக்கர் எடுத்து வாருங்கள், ஆனால் அலுமினியம் வேண்டாம். நிறைய வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புத்தான், அதில் அலுமினியம் சூடேறாது. அடி இண்டக்‌ஷனுக்கு ஏற்ற ஸ்டீல் குக்கர் வாங்குங்கள். மிக்ஸி ஓடும், இங்கேயும் 220 வோல்ட்தான். நம் மூன்று பின் பிளக் நுழையாது, உருண்டை இரண்டு பின்னுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். கிரைண்டரை விடுங்கள். தூக்கி வருவது போதாதென்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கும் வருவார். மாடிச் சத்தம் இங்கே பெரிய வழக்கு. மிக்ஸியும் ராத்திரி வேண்டாம்.

பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். உளுந்து, துவரை, இட்லி அரிசி எல்லாம் வெளிநாட்டு மளிகைக் கடைகளில் கிடைக்கும். சியோல் போனால் இதேவொன் மசூதிப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. முள்ளங்கி, கீரை, டோஃபு எந்தக் கடையிலும் உண்டு, முள்ளங்கிச் சாம்பாருக்குக் குறையே இல்லை. வெளியில் சாப்பிடும்போதுதான் கவனம். கிம்ச்சியில் மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும். வெறும் காய் சூப் என்று தருவதிலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும், மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

குப்பைப் பை கடையில் விலைக்கு வாங்க வேண்டும், அந்தந்த மாவட்டத்துக்குத் தனிப் பை. யுசொங்-குவில் இருந்தால் யுசொங்-கு பைதான். சாப்பாட்டுக் கழிவு தனி. ஆனால் முட்டை ஓடு, வெங்காயத் தோல், தேங்காய் ஓடு, டீத்தூள் எல்லாம் சாதாரணக் குப்பையில் போக வேண்டும். கலந்து போட்டால் அபராதம்.

மகளை "ஓரினிஜிப்" என்ற குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கலாம். அரசு மானியம் கொரியக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத்தான் தானாகக் கிடைக்கும். சில ஊர்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ளாட்சி கொஞ்சம் தருகிறது, மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பகலில் காய்ச்சல் என்றால் பெரிய மருத்துவமனைக்கு ஓடாமல் தெருவிலுள்ள குழந்தை டாக்டரிடம் போங்கள், காப்பீட்டில் கட்டணம் குறைவு. ராத்திரி அவசரம் என்றால் 119, ஆம்புலன்ஸ் இலவசம்.

மகளின் தடுப்பூசி அட்டை மொத்தமும் கைப்பையில் இருக்கட்டும். பதிவு எண் வந்ததும் அதை "பொகொன்சோ" என்ற பொதுச் சுகாதார மையத்தில் காட்டி ஏற்றிவிடுங்கள். பாக்கி ஊசிகளை அங்கே இலவசமாகவே போடுவார்கள், ஓரினிஜிப்பிலும் முதல் நாளே அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.